இடது கை

முதல் ஒத்திகையில் ஜெயசிங் ஒன்றும் சொல்லவில்லை.
பாடி முடித்து, பிளாஸ்கைத் திறந்து
சீரகத் தண்ணீர் இரண்டு மிடறு குடித்துவிட்டு
"உங்களுக்கு நல்லா வருது மேடம்" என்றார்.
அதில் ஒரு குறை இருந்தது.
அதைப் பஸ்ஸில்தான் கண்டுபிடித்தேன்,
ஓட்டேரி தாண்டும்போது.

பெரம்பூர் ரயில்வே காலனிக்குப் பின்னால் அந்த ஹால்.
பியானோ யாரோ ஊரைவிட்டுப் போகும்போது விட்டுப்போனது.
ஐப்பசி பிறந்தால் மரம் ஊதி
கீழ் ஸ்தாயியில் இரண்டு கட்டைகள்
அமுக்கினால் எழுந்திருக்காது,
திங்கட்கிழமைப் பிள்ளைகள் மாதிரி.

கடைசி வரிசையில் பியூலா.
எங்களுக்கு நடுவே தராசு முள் அவள்தான்.
உள்ளங்கையைத் தரைப்பக்கம் அமுக்குவாள்: நீ குறை.
குறைத்தேன்.
மேல்மூடியைச் சாத்தினேன்.
மூடிமேல் ஜமக்காளம் மடித்துப் போட்டேன்.
பின்பலகையைச் சுவரோடு ஒட்டித் தள்ளினோம்
(ஒரு டைல்ஸ் உடைந்தது, செயலாளருக்கு இன்னும் தெரியாது).
இடது பெடலில் காலை ஊன்றி
நோயாளி தூங்கும் அறையில் நடப்பதுபோல் வாசித்தேன்.
பியூலாவின் கை இன்னும் கீழேயே போயிற்று.

ஜெயசிங் பகலில் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில்
விபத்துக் கோப்புகளுக்கு எண் போடுகிறவர்.
தரையோரம் நடக்கும் குரல்.
தெருவில் தேங்கிய மழைநீரை
இருபுறமும் விலக்கிக்கொண்டு வரும் வண்டிபோல
அவசரமில்லாமல் வரும்.
"சின்னக் குரல், பாவம்" என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.
திரும்ப வாங்க முடியாது.
என் கணவர் எதையும் மறக்கிறவர் இல்லை.

மூன்றாவது வியாழக்கிழமை, ஏழேகாலுக்கு,
கரண்ட் போயிற்று.
ஐந்து மின்விசிறிகளும் ஒவ்வொன்றாய்
முனகி முனகி நின்றன.
நான் நிறுத்திவிட்டேன். அவர் நிறுத்தவில்லை.
இரண்டாம் சரணத்தின் பாதியை
இருட்டில், தனியாகப்
பாடிக்கொண்டே போனார்.
ஆணி தளர்ந்த ஜன்னல் கண்ணாடி ஒன்று
கூடவே அதிர்ந்தது.
ஹால் முழுக்க அவர்.
இத்தனை நாள் இது எங்கே இருந்தது?

என் இடது கைக்கு அடியில்.

சத்தம் அல்ல, இடம்.
அவர் ஏறவேண்டிய அதே படியில்
நான் மெதுவாக, மரியாதையாக
நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.
மெல்ல நிற்பவரும் வழியை அடைப்பவர்தான்.
எலக்ட்ரிக் ட்ரெயின் வாசலில்
யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பென்சிலால் அடிக்கத் தொடங்கினேன்.
அவர் குரல் குடியிருக்கும் ஸ்தாயியில்
என் சுரம் ஒன்றுகூட வேண்டாம்.
அவர் மெட்டையே நானும் தொடர்ந்து வாசித்தது எதற்கு,
அவர் வழி தெரியாதவரா?
கீழே ஒரே ஒரு சுரம், வரி தொடங்கும்போது,
வாசலில் செருப்பைக் கழற்றி வைப்பதுபோல்.
வலது கையை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றினேன்.
ஜமக்காளத்தை எடுத்தேன்.
மூடியைத் திறந்தேன்.

கரண்ட் வந்தது. விசிறிகள் சுற்றின.
பயப்படாமல், விரல் முழுக்க வாசித்தேன்.
அவர் மூச்சிழுக்கும் சத்தம்
முதன்முறையாக என் தோளுக்குக் கேட்டது.
பியூலாவின் கை மடியிலேயே கிடந்தது.

முடிந்ததும் பிளாஸ்க். இரண்டு மிடறு. மூன்றாவதும்.
"இன்னைக்குப் பயமா இருந்துச்சு மேடம்" என்றார்.
"எனக்கு மட்டும் யாரும் இல்லாத மாதிரி."

நான் அடைத்தேன் என்றே எண்ணியிருந்தேன்.
அவர் அங்கே ஒதுங்கியும் இருந்திருக்கிறார்.

ஓட்டேரிவரை யோசித்தேன்.
மறுவாரம் ரப்பரால் அழித்து
ஒரு சுரத்தைத் திரும்பப் போட்டேன்,
மூன்றாம் சரணத்தில், அவர் உச்சிக்குப் போகும் இடத்தில்,
சுண்டுவிரலுக்கு.
ஹாலுக்குக் கேட்காது. அவருக்குக் கேட்கும்.

பியூலாவைப் பார்த்தேன்.
கை மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை.
தூங்கியிருக்கலாம்.