ஜப்புரா ஆற்றில் மே மாதம்

மே மாதம் ஜப்புரா ஆறு மரமேறும்.
காட்டுக்குள் ஏழு ஆள் ஆழம்.
மீன்கள் கிளைகளுக்குள் புகுந்து பழம் பொறுக்கும்.
மீன்களின் பின்னால், அடிமரங்களுக்கு நடுவே
உடம்பை ஒடித்து ஒடித்து
ஆற்று ஓங்கில் வரும்,
கழுத்தைத் திருப்பத் தெரிந்த ஓங்கில்.

தரை மூழ்கிய நாட்களில்
எறும்பும் தேளும் மூட்டை கட்டி மேலேறும்.
டாரன்டுலா என்றைக்குமே மேல்மாடிக்காரி.
இலைகளைப் பட்டால் தைத்து
உள்ளே கறுப்பாக உட்கார்ந்திருப்பாள்,
எட்டுக் கால் நுனியிலும்
வெளுத்துப்போன மருதாணி.

ஒஸ்மரீனாவுக்கு இரண்டையும் பிடிக்காது.
ஒன்று வலையைக் கிழிக்கும்.
இன்னொன்று தம்பி அதெனில்சனின் தொப்பிக்குள்
ஒரு மழைக்காலம் முழுக்க வாடகையில்லாமல் இருந்தது.

அன்று ராத்திரி மிதவைகள் ஒரே பக்கமாய் இழுபட்டன.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குனிந்தாள்.
வலையில் குட்டி ஓங்கில்.
சாம்பல் நிறம். நீண்ட மூக்கின்மேல்
எண்ணி எடுக்கலாம் போல நாலைந்து முள்முடி.
மூச்சுத்துளை தண்ணீருக்கு மேலே வரட்டுமென்று
இடக்கையால் அணைத்துத் தூக்கினாள்.
வலக்கையில் கத்தி.

அப்போதுதான் கிளையிலிருந்து
பிடரியில் ஏதோ விழுந்தது.
காய்ந்த இலையின் எடை.
இலை நடந்தது.

அலறியிருப்பாள், வாயில் டார்ச்.
உதறியிருப்பாள், கையில் முப்பது கிலோ உயிர்.

ஒன்றுக்கு மூக்கில் மட்டும் முடி.
மற்றது முழுக்க முடி, நடுவில் கொஞ்சம் சிலந்தி.
ஒன்று சத்தத்தை எறிந்து
திரும்பி வருவதை வைத்து உலகம் கட்டும்.
மற்றதற்குக் காதே இல்லை,
நடுக்கத்தைக் காலால் வாசிக்கும்.
இது கேட்டுப் பார்க்கிறது,
அது தொட்டுக் கேட்கிறது.
இரண்டுக்கும் அந்த நிமிடம் கிடைத்தது ஒரே வரி:
இறங்க மறுத்த அவள் நாடி.

(குட்டி வளர்ந்தால், உரசலும் கடியும் வாங்கி வாங்கி
இளஞ்சிவப்பாகும்.
சிலந்தியோ பிறந்தபோதே இளஞ்சிவப்பு.
தோல் உரிக்க உரிக்கக் கறுத்து
மிச்சத்தைக் கால்நுனியில் வைத்திருக்கிறாள்.
ஒருத்தி சேர்க்கிறாள், ஒருத்தி செலவழித்துவிட்டாள்.
இதெல்லாம் ஒஸ்மரீனா நினைத்ததல்ல.
அவள் நினைத்தது: இன்னும் ஆறு கண்ணி. ஐந்து.)

கடைசிக் கண்ணி அறுந்ததும்
குட்டி திரும்பிப் பார்க்கவில்லை.
இருட்டில் எங்கோ ஒரு பெரிய மூச்சு
புஸ்ஸென்று வெடித்தது, அதன் பக்கத்தில் ஒரு சின்ன மூச்சு.
சிலந்தி அவள் கையோரமாக இறங்கி
மணிக்கட்டில் நிதானித்து
கிளைக்குத் தாவியது,
போகிற போக்கில் சட்டைக்கையில் பீய்ச்சிவிட்டு.

“வலை என்னாச்சு?” என்றான் அதெனில்சன் காலையில்.
“மரம் கிழிச்சுது.”

இப்போதும் இரண்டையும் பிடிக்காது அவளுக்கு.
டார்ச்சின் பிளாஸ்டிக்கில்
பல் பதிந்த தடம் அப்படியே இருக்கிறது.