நாலாம் எண்ணிக்கை

புதுவயல் ரைஸ்மில்காரர்
நெல் உலர்த்தும் களத்தைத் தந்தார்,
மாலை நாலரை முதல் ஆறு வரை.
வாடகை கேட்கவில்லை.
'நெல்லு வந்துட்டா மட்டும் எந்திரிச்சுரணும்' என்றார்.

பள்ளியின் இசையறைக்கு ஒரே ஜன்னல்,
அதுவும் ஆணியடித்தது.
இருபத்து மூன்று பிள்ளைகள் அதற்குள் மூச்சுவிட்டால்
என்ன ஆகும் என்று தலைமையாசிரியர் சொல்லவில்லை.
பூட்டை மட்டும் காட்டினார்.

சுற்றறிக்கை இரண்டு மீட்டர் என்றது.
என்னிடம் அளவுநாடா இல்லை, வயலின் வில் இருந்தது.
மூன்று வில் தள்ளி ஒரு சுண்ணாம்பு வட்டம்.
ஊதுகிறவர்களுக்கு ஆறு வில்.
சாயங்காலக் காற்று கிழக்கிலிருந்து வரும்,
ஆகவே கிளாரினெட், புல்லாங்குழல், டிரம்பெட்
எல்லாம் மேற்கு ஓரம்.
அவர்கள் மூச்சு
உமிக் குவியல்மேல் போய் விழட்டும்.

ரோசின் கட்டியை ஆளுக்கொரு துண்டாக்க
பாக்குவெட்டி கொண்டுவந்தாள் உமையாள்.
நொறுங்கிவிட்டது.
பொடியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தோம்.
டிரம்பெட்டில் சேரும் எச்சில் தண்ணீரைத்
தரையில் உதறாதே, டப்பாவில் விடு,
டப்பாவில் பிளீச்சிங் இருக்கிறதா பார்.
இதற்குக் கத்தியதில் பாதியைச்
சுருதிக்குக் கத்தியிருக்கலாம்.

தூரத்துக்கு ஒரு குணம் உண்டு, பிந்தும்.
மேற்கு ஓரத்து டிரம்பெட்
அரைக்கால் இடம் தள்ளியே வந்து சேரும்.
'காதை நம்பாதீங்க, என் கையைப் பாருங்க.'
சங்கீதம் சொல்லிக்கொடுக்கிற வாயில்
வரக் கூடாத பேச்சு.

முகம் பாதி மூடியிருக்க
யார் எண்ணுகிறார்கள், யார் சிரிக்கிறார்கள்?
பாத்திமுத்துவுக்கு எண்ணும்போது புருவம் ஏறும்.
மற்றவர்களை இன்னும் படிக்கவில்லை.

பதினெட்டாம் நாள்
அடைக்கலத்தின் அம்மா
கிருமி போகட்டுமென்று
கிளாரினெட் மவுத்பீஸை
இட்லிப் பானையில் அவித்துவிட்டார்.
கறுப்பு எபொனைட் பச்சை பாய்ந்து
கோணிக்கொண்டு வந்ததாம்.
வீடெல்லாம் கந்தகம்,
அடுத்த வீட்டுக்காரர் வந்து
வெடி போட்டீங்களா என்றாராம்.
போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்,
நானும் சிரித்தேன்.
'இவன் மட்டும் டீச்சர், அடுப்புப் பக்கத்துல நின்னுக்கிட்டு
ஒண்ணுமே நாறலையேங்குறான்.'

என் சிரிப்புதான்
முதலில் நின்றது.

களத்தைப் பதினான்கு நாள் மூடினோம்.
எல்லா வீட்டுக்கும் நானே கூப்பிட்டுச் சொன்னேன்.
இரண்டு பேர் திட்டினார்கள்.
ஒருவர் மகளின் வயலினைத்
திருப்பிக் கொடுத்தனுப்பினார், உறையில்லாமல்.
காரைக்குடி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தான் அடைக்கலம்.
மழை வந்து வட்டங்களைக் கரைத்தது.
மறுபடி வில்லால் அளந்தேன்.

ஐப்பசி முடிவில் வந்தான்,
புது மவுத்பீஸும் தொளதொளத்த சட்டையுமாக.
எங்கள் ஹம்சத்வனியில்
எட்டு எண்ணிக்கையை ஒரே மூச்சில் ஊதவேண்டும்.
நாலில் அறுந்தது.
திரும்ப எடுத்தான், நாலில் அறுந்தது.
'கொஞ்ச நாளைக்கு டிரையாங்கிள் வாசிக்கிறியா?' என்றேன்.
கிளாரினெட்டை மடியில் கிடத்திக்கொண்டு
உமிக் குவியலைப் பார்த்தான்.
கேட்டிருக்கக் கூடாது.

அன்றிரவு இருபத்திரண்டு தாள்களிலும்
நாலாம் எண்ணிக்கைக்குப் பின்னால்
சிவப்பு மையில் ஒரு காற்புள்ளி வைத்தேன்.
மூச்சே தேவைப்படாத வயலினுக்கும்,
மிருதங்கத்துக்கும்.

காரணம் யாரும் கேட்கவில்லை.
நாலில் நின்றார்கள்.
முகக்கவசங்கள் ஒருசேர உள்ளே ஒட்டிப்
புடைத்து வெளியே வந்தன.
வயலின்காரர்களும் அந்த இடத்தில்
மூச்சு வாங்குகிறார்கள் என்பது
அப்போதுதான் தெரிந்தது.

தையில் நெல் வந்தது, எழுந்துகொண்டோம்.
இசையறை ஜன்னலின் ஆணிகளை
டிரம்பெட் இருதயராஜும் நானும் பிடுங்கினோம்.
அடைக்கலம் இப்போது ஏழு வரை போகிறான்.
காற்புள்ளி இல்லாத புதுத் தாள் கொடுத்தாயிற்று.

விழாவுக்கு வந்த மில்காரர்
முடிந்ததும் என்னைத் தேடி வந்தார்.
'நல்லா இருந்துச்சு. நடுவுல மட்டும்
கரண்டு போன மோட்டாராட்டம்
எல்லாம் ஒருக்கா நின்னுபோச்சே?'

அப்படித்தான் எழுதியிருக்கு
என்றேன்.