வாய்தா

மூன்று முறை கூப்பிட்டார் டவாலி.
நம்புசெல்வி, நம்புசெல்வி, நம்புசெல்வி.
வராந்தா மின்விசிறியின் கடகடப்பில்
ஒவ்வொரு முறையும் பெயரின் முன்பாதிதான்
எனக்குக் கேட்டது.

ஆறாவது வாய்தா.
குற்றம் சின்னது:
போன வருஷம் ஆவணி, முல்லித் தீவுக்குத் தெற்கே
இடுப்பளவுத் தண்ணீர்,
மரிக்கொழுந்துப் பாசி முக்கால் சாக்கு.
ஈரத்தோடு எடை போட்டார்கள்.
ஈரத்துக்கும் சேர்த்துத்தான் வழக்கு.

வக்கீல் ஜெய்லானி ஒருமுறை விளக்கினார்:
எழுதுவது ஓரிடம், நடத்துவது ஓரிடம்,
எழுதியதும் நடத்தியதும் சரியா என்று
பார்ப்பது ஓரிடம்.
மூன்று தூணும்மா, ஒன்று இன்னொன்றில் சாயக் கூடாது.

எனக்குத் தூண் என்றால் ரயில் பாலம்.
பஸ் மேலே ஏறியதும் எண்ணத் தொடங்குவேன்,
ஒரு தடவையும் முடித்ததில்லை.
கடலுக்குள் நிற்கும் அத்தனையில் ஒன்றுகூட
பக்கத்துத் தூணைத் தொடவில்லை.
தொட்டிருந்தால் அதற்குப் பெயர் சுவர்.
வடகடல் தென்கடலைப் பார்க்காது,
வல்லம் நுழைய வழி இருக்காது.

தள்ளி நிற்பது சரிதான் வக்கீலய்யா.
எவ்வளவு தள்ளி என்று யாராவது அளந்தார்களா?
எழுதிய இடத்துக்கு இரண்டு ராத்திரி ரயில்.
பார்க்கிற இடத்துக்கு இரண்டு பஸ், ஆறு வாய்தா.
நடத்துகிற இடத்துக்கு நான் போகவே வேண்டாம்,
டீசல் படகில் அது தானாக வரும்.

நீதிபதிக்கு என் தங்கச்சி வயதுதான் இருக்கும்.
வனக்காப்பாளர் காளீஸ்வரனைக் கேட்டார்:
எல்லை எங்கே இருக்கிறது?
அவர் வரைபடத்தை விரித்தார். பச்சைக் கோடு.
கடலில் எப்படித் தெரியும்?
மிதவை கட்டியிருந்தோம் அம்மா.
இப்போது இருக்கிறதா?
கச்சான் காற்றில் அறுந்துபோச்சு.
இவர்களைப் பிடிப்பதற்கு முன்பா, பின்பா?

காளீஸ்வரன் கோப்பைப் பார்த்தார்,
கூரையைப் பார்த்தார்.
தீவில் என்னை மணலில் உட்காரவைத்தவர்
கைகட்டி நின்று பதில் தேடுவதைப் பார்த்தேன்.
கொஞ்சம் சந்தோஷம். மறைப்பானேன்.

எனக்குத் தெரியும், முன்பு.
ஆடியில் கரை ஒதுங்கிய ஆரஞ்சு மிதவை
என் கொழுந்தனின் நண்டுவலையில் ஆடுகிறது.
சொன்னால் எனக்கு விடுதலை வரலாம்.
சொன்னால் அவன்மேல் அரசாங்கச் சொத்து.
என்னை யாரும் கேட்கவில்லை.
நல்லவேளை என்றும் தோன்றியது,
என்ன வேளை இது என்றும் தோன்றியது.

மிதவைப் பதிவேட்டைக் கொண்டு வாருங்கள்,
தை பதினொன்று.

வெளியே ஒரு காகிதத்தில் ரேகை கேட்டார்கள்.
கையெழுத்துப் போடுவேன் என்றேன். அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும்.
பதினாறு வருஷப் பாறை
பெருவிரலைத் தேய்த்து வைத்திருக்கிறது.
மை ஒட்டியது, ரேகை விழவில்லை.
குமாஸ்தா மறுபடி உருட்டினார். ஒரு நீலத் திட்டு.

சித்திரையில் இதே கையில்தான்
ஓட்டு மை வைத்தார்கள்.
நகத்தோடு வளர்ந்து, பாறையில் சீவி,
ஆடியில் காணாமல் போனது.
எழுதுகிற இடத்துக்கு
நான் அனுப்பிய ஒரே கடுதாசி அது.
பதில் வரவில்லை,
சாக்கை எடைபோட ஆள் வந்தது.

கடைசிக்கு முந்தின பஸ்.
மண்டபம் தாண்டியதும் முன்னால் பார்த்தால்
காளீஸ்வரன், உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்தபடி.
பாம்பனில் ராத்திரி ரோந்தாம்.
நாளைக்குக் காற்று எப்படி என்றார்.
வாடை பலக்கும், படகைத் தள்ளிக் கட்டுங்கள் என்றேன்.
அவர் தலையாட்டினார்.

பஸ் பாலத்தில் ஏறியது.
இருட்டுவதற்குள் முடிக்கலாம் என்று
எண்ணத் தொடங்கினேன்.
அறுபத்து மூன்று, அறுபத்து நான்கு.

"அந்த மிதவைய
எங்கயாச்சும் பாத்தீங்களா?"

எண்ணிக்கை விட்டுப்போனது.