கதவைத் தூக்கி மூட வேண்டும்

முதலில் கதவு, எரென்சியா.
ஓட்டுகிற பக்கத்துக் கதவு தள்ளினால் மூடாது,
ஒரு விரற்கடை தூக்கி மூட வேண்டும்.
ஓப்புவோ சாலையின் அலையலையான சரளை
பதினோரு வருடமாகக் கீலைத் தின்றிருக்கிறது.

மீட்டரில் நான்கு லட்சத்துச் சொச்சம்.
அதை நம்பாதே.
இரண்டு வருடம் மீட்டர் ஓடவில்லை,
நாங்கள் ஓடினோம்.

டீசல் தொட்டி இரண்டு.
இரண்டாவதன் முள் எப்போதும் பாதி காட்டும்.
நிரம்பினாலும் பாதி, வற்றினாலும் பாதி.
விரல் முட்டியால் தட்டிப் பார்,
பானை வாங்குகிறவள் தட்டுகிற மாதிரி.
இங்கேயும் நிறைகுடம்தான் பேசாது.

மணலுக்கு முன் சக்கரத்தில் காற்றை இறக்கு.
ஹோவானிப் ஆற்றில் வருடத்துக்குச் சில நாள் தண்ணீர்,
மற்ற நாளெல்லாம் மணல்தான் ஓடுகிறது.
புதைந்தால் மிதிக்காதே.
மிதிக்க மிதிக்கத் தனக்கே குழி தோண்டிக்கொள்ளும்.
கோபம் வந்தால் இறங்கி நட.
நாங்கள் ஒருமுறை நடந்தோம்,
உவானிவி தெற்கே, நான் வடக்கே.
யானைச் சாணம் சூடாக இருந்ததால்
சீக்கிரமே திரும்பினோம்.

முஹேஞ்சே என்றொருவர் கழுதை வண்டியில் வந்தார்.
ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.
நான்கு சக்கரத்திலும் குனிந்து
இன்னும் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டார்.
புகையிலை கேட்டார், இல்லை.
சர்க்கரை கொடுத்தோம்.
வண்டி மேலே ஏறி வந்தது,
பின்னங்காலை முதலில் ஊன்றி
மாடு எழுந்திருப்பதுபோல.

பெயரா? வைக்கவில்லை.
உவானிவி மாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை,
பெயர் வைத்த ஆட்டை அறுக்க முடியாது என்பான்.
இன்றைக்கு அது வசதியாக இருக்கிறது.

முட்டையைக் காலுறையில் சுருட்டி வை.
தக்காளி எங்கே வைத்தாலும் சாறுதான்.
போல்ட்டுகளை ஞாயிறுதோறும் முறுக்கு,
முறுக்காத ஞாயிற்றை
அது புதன்கிழமை ஞாபகப்படுத்தும்,
ஆளில்லாத இடமாகப் பார்த்து.

கூரைக் கூடாரத்தின் ஜிப்
இடது பக்கம் மட்டும்தான் திறக்கும். அது அவன் பக்கம்.
இரவில் வெளியே போக அவனைத் தாண்ட வேண்டும்.
ஆறு வருடம் தாண்டினேன்,
முழங்கால் பட்டும் விழிக்காத மனிதன்.
கடைசி வருடம்
நான் எழும் முன்பே விழித்திருந்தான்,
பேசாமல் காலை மடக்கி வழி விட்டான்.
வால்விஸ் பேயில் தையல்காரர் உண்டு,
வலது ஜிப்பைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆகும்.
நாங்கள் போகவில்லை. நீ முதலில் அதைச் செய்.

அவன் இப்போது ஸ்வாகோப்முண்டில்,
வேறொருத்தியோடும் வேறொரு வண்டியோடும்.
வண்டி ஆட்டோமேட்டிக்காம்.
அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.
நீ தரும் பணத்தில் பாதி அவனுக்கு.

மாலையில் எஞ்சினை அணைத்ததும்
சூடு இறங்க இறங்க, டிக், டிக் என்று
அரைமணி நேரம் தனக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்.
பழுதில்லை.
அந்தச் சத்தத்தில்தான் ஆழ்துளைக் கிணறுகளின்
நீர்மட்டத்தைக் குறிப்பேட்டில் ஏற்றுவேன்:
நாற்பத்தொரு மீட்டர். நாற்பத்து மூன்று. வறண்டது.
சத்தம் நின்றதும் இருட்டு ஒரு சுற்றுப் பெருக்கும்.
உடனே ரேடியோ போடாதே.
கொஞ்சம் பொறு, பழகும்.

ஏன் விற்கிறாய் என்று கேட்டாய்.
இடுப்பெலும்பு என்றேன்.
அதுவும் பொய்யில்லை.

கழுதைப்புலிகளுக்குக் கழுத்துப்பட்டை மாட்டும் வேலை என்கிறாய்.
பின் இருக்கைக்கு அடியில் நல்ல கயிறு இருக்கிறது.
ஒற்றைச் செருப்பும் இருக்கும்,
அதன் ஜோடியைத் தேடாதே.

இந்தா, சாவி. குளிர் காலையில்
மஞ்சள் விளக்கு அணைந்த பிறகும்
இரண்டு எண்ணிவிட்டுத் திருப்பு.

ரசீது எழுத உள்ளே போனேன்.
எழுதுகிற பேனா ஒன்றுகூட அகப்படவில்லை.
முற்றத்தில் கதவுச் சத்தம்.
முதல் முறை, வெறும் தகரம்.
கொஞ்சம் மௌனம்.
பிறகு, தூக்கி,
டக்கென்று.