நாற்பத்து மூன்றாவது கேள்வி

காலை எட்டே கால்.
அச்சுச் சூடு ஆறாத நிகழ்ச்சி நிரல்
மேசைக்கு மேசை வந்து விழுகிறது.
பசியாறிக்கொண்டே புரட்டுகிறேன்.
நாசி லெமாக் சம்பால் ஒரு சொட்டு
பதினேழாம் கேள்வியின் ஓரத்தில்.
துடைக்கிறேன்.
வெள்ளத்தடுப்புச் சுவர் பற்றிய கேள்வி அது.

நாற்பத்து மூன்று இருக்கிறதா?
இருக்கிறது.
சுங்கை மெரந்தி உறுப்பினர் கேட்கிறார்:
பள்ளிக்கூடத் துப்புரவுப் பணியாளர் 212 பேருக்குக்
குத்தகையாளர் மூன்று மாதச் சம்பளம் தராததை
அமைச்சர் அறிவாரா,
அறிவாரெனில்...

நேற்று இரவு லிஃப்டில் திலகமணி கேட்டாள்:
"நாளைக்கு எங்க விசயம் வருதாமே,
நீ அங்கதானே இருப்ப?"
இருப்பேன் என்றேன்.
இருப்பதுதான் என் வேலை.
பத்து நிமிடம் நான் எழுதுவேன்,
அடுத்த பத்து ஹஸ்னிசா,
அதற்கடுத்து இருமிக்கொண்டே சியூ லெங்.
பேசியதெல்லாம் அப்படியே, மலாயில்.

இங்கே யாருக்கும் பெயர் கிடையாது.
ஊர்கள் எழுந்து நிற்கும். ஊர்கள் உட்காரும்.
ஓர் ஊர் இன்னோர் ஊரைப் பொய்யன் என்னும்.
மீட்டுக்கொள்ளுங்கள் என்பார் சபாநாயகர்.
மீட்டுக்கொண்டதையும் எழுத வேண்டும்,
பொய்யன் என்பதையும்.

பத்து மணிக்குச் செங்கோல் வந்தது.
முதல் கேள்விக்கே இருபத்திரண்டு நிமிடம்.
மூன்றாவதில் யாரோ
டுரியானையும் கூட்டணியையும் முடிச்சுப் போட்டார்.
[அவை சிரிக்கிறது]
என்று அடித்தேன்.
என் பத்து நிமிடத்தில் இன்று நான்கு சிரிப்பு,
ஒரு கைத்தட்டல்,
ஒலிவாங்கி அணைக்கப்பட்டது இரண்டு முறை.

கணக்கு எனக்கு மனப்பாடம்.
தொண்ணூறு நிமிடம்.
நல்ல நாளில் பதினைந்து கேள்வி,
கெட்ட நாளில் ஒன்பது.
பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள்கூட
நாற்பத்து மூன்றை நான் எழுதியதில்லை.
நேற்றே சொல்லியிருக்கலாம்.
அதற்குள் அவள் மாடி வந்துவிட்டது.

பதினொன்றரை.
பதினோராம் கேள்வியோடு நிறுத்தினார்கள்.
மற்றவற்றுக்கு எழுத்தில் பதில்.
சுங்கை மெரந்தி பாதி எழுந்தார்,
கையில் சுருட்டிய தாள்.
பிறகு உட்கார்ந்தார்.
பாதி எழுந்ததைப் போட
எங்களிடம் அடைப்புக்குறி இல்லை.

பிற்பகல் மசோதா. இரண்டாம் வாசிப்பு.
ஆள் போதாது என்று ஒருவர் புகார் சொல்ல
மணி அடித்தது.
எண்ணினார்கள்: பத்தொன்பது.
கேண்டீனிலிருந்து ஊர்கள் ஓடி வந்தன,
ஒன்றின் உதட்டில் கறிபாப் துகள்.
இருபத்தாறு சேர்ந்தது.
மசோதா தொடர்ந்தது.
சேர்ந்த ஊர்கள் திரும்பிப் போயின.

ஆறு மணிக்கு மழை.
அன்னாசித் தோல் போல் அடுக்கிய கோபுரத்தில்
ஒவ்வொரு கண்ணிலும் தண்ணீர் நின்று வழிந்தது.
செந்தூலுக்கு ரயிலில் நின்றுகொண்டே வந்தேன்.
நிரலைப் பைக்குள் வைத்திருந்தேன்,
ஏன் என்று தெரியாமல்.

லிஃப்ட் வாசலில் திலகமணி.
சீருடையோடு, கையில் குளோராக்ஸ் வாடை.
அவர்கள் இன்னும் வேலைக்குப் போகிறார்கள்;
போகாவிட்டால் அந்த மூன்று மாதமும் போய்விடும்.

"வந்துச்சா?"

வரவில்லை என்றேன்.
எழுதி அனுப்புவார்கள் என்றேன்.
யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.
"அந்தத் தாள் இருக்கா?"
கொடுத்தேன். கண்ணாடி எடுத்து வரவில்லை அவள்.
விரல் வைத்துக் காட்டினேன்,
மலாயைத் தமிழில் சொன்னேன்,
அமைச்சர் அறிவாரா வரைக்கும்.

212 மேல் அவள் கட்டைவிரல் நின்றது.
ஈரம் பட்டு மை லேசாகப் பரவியது.
"இதுல நான் எத்தனாவது ஆளு?"

லிஃப்ட் வந்தது.
உள்ளே ஒரு பையன் சைக்கிளோடு நின்றான்.
மூன்று பேருக்கும் இடம் பற்றவில்லை.
நீங்க போங்க, என்றேன்.
தாளை அவளே வைத்துக்கொண்டாள்.