இடது பக்கம், ஆறு சென்டிமீட்டர்

கல்லாக இருக்கும் என்றுதான் போனேன்.
பழைய வண்ணாரப்பேட்டை, ஜவுளிக்கடைக்கு மேல்மாடி,
பச்சை அங்கியின் நாடாவை
முதுகுப்பக்கம் முடியத் தெரியாமல் நின்றேன்.
"மூச்சை இழுங்க. புடிங்க."
கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர்
"விடுங்க" என்பதற்கு ஒரு நொடி தாமதித்தார்.
அந்த நொடியில் தெரிந்துவிட்டது.

கல் இல்லை.
சிறுநீரகத்தின் உச்சியில்
குல்லாய் போலச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிய சுரப்பி
சாத்துக்குடி அளவுக்கு வந்திருந்தது.

டாக்டர் அங்கயற்கண்ணி படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
"புற்று இல்ல, பெனடிக்டா. கொழுப்பு. கொஞ்சம் மஜ்ஜை."
மஜ்ஜை எலும்புக்குள்தானே?
"இருக்கணும்" என்றார்.
பிறகு, படத்தை இறக்காமலே,
"ராத்திரி மாத்திரைய எத்தனை வருஷமா விட்டீங்க?"

காலை மாத்திரையை விட்டால் பத்து மணிக்குள் விழுந்துவிடுவேன்.
ராத்திரியதை விட்டால் ஒன்றும் ஆகவில்லை.
முகம் உப்பவில்லை, புடவை ரவிக்கை பிடிக்கவில்லை.
ஏழு வருஷம்
ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்தேன்.

நான் தூங்கியபோதெல்லாம்
மூளையின் அடியிலிருந்து உத்தரவு போயிருக்கிறது:
செய். இன்னும் செய். ஏன் வரவில்லை?
செய்வதற்கான ஒரு கருவி
பிறவியிலேயே அதனிடம் இல்லை.
இல்லை என்று சொல்லவும் அதற்கு வாயில்லை.

காசிமேட்டில் எங்கள் ஐஸ் பாக்டரியில்
ஒருமுறை கம்ப்ரஸர் எரிந்துபோனது.
முதலாளி ஐந்து நிமிஷத்துக்கொரு போன்.
நாங்கள் ஆளைச் சேர்த்தோம், மேலும் ஆளைச் சேர்த்தோம்,
நெரிசலில் கணக்கு நோட்டைத் திறக்க இடமில்லை எனக்கு.
ஐஸ் மட்டும் வரவில்லை.
என் சுரப்பியும் ஆள் சேர்த்திருக்கிறது.
கேட்ட சரக்கு வராமல் கேட்காத சரக்கு வந்தது;
அதைத்தான் சனிக்கிழமைதோறும்
மேலுதட்டிலிருந்து நூல் போட்டு எடுக்கிறாள்
பியூட்டி பார்லர் மும்தாஜ்.

எனக்கு முன்னால் ஒருவன் பிறந்தான்.
பதினேழு நாள்.
பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதினார்கள்.
நான் பிறந்து, நானும் வாந்தியெடுத்து,
ஸ்டான்லியில் யாரோ ஒரு இளம் டாக்டர்
ரத்தத்தில் உப்பைத் தேடியபோதுதான்
அவனுக்கு என்ன ஆனதென்று தெரிந்தது.
அப்பா அப்போதும் அதே பாக்டரியில்
உப்பு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்.
இதை வீட்டில் யாரும் பேசியதில்லை.
சாப்பாட்டில் உப்பு குறைவென்றும்
யாரும் சொன்னதில்லை.

"வெட்டணுமா?"
"இப்ப வேணாம். வலியும் பெருசா இல்ல.
மாத்திரைய ஒழுங்கா போடுங்க, சிலருக்குச் சுருங்கும்.
டிசம்பர்ல மறுபடி பாப்போம்."
சிலருக்கு என்பதை அவர் அழுத்தவில்லை.
நான்தான் பஸ்ஸில் அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தேன்,
இடது விலாவுக்குக் கீழே,
யாரும் பார்க்காதபோது.
ஒன்றும் தட்டுப்படவில்லை.

பத்தரைக்கு அலாரம் வைத்தேன்.
மாத்திரையை பிளேடால் பாதியாக்கும்போது
ஒருபக்கம் நொறுங்கியது.
நாளைக்கு உடைக்கிற கருவி வாங்க வேண்டும்.
பாதியை விழுங்கி,
விரலில் ஒட்டிய பொடியையும் நக்கினேன்.
அப்பா, என்ன கசப்பு.
சரி, போதும்,
ஆளையெல்லாம் வீட்டுக்கு அனுப்பு.