கால் அங்குலம்

ஹாலிஃபாக்ஸ், பாரிங்டன் தெருவில்
படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை.
ஒரு செவ்வாய்க்கிழமை, குடை ஒழுக ஒழுக
விட்மோர் துரை வந்தார்,
இருநூறு வருசத்துக் கடதாசி ஒன்றைத்
ததும்பும் கோப்பைபோல் ஏந்திக்கொண்டு.
"எங்கள் பரம்பரையே கடற்படை" என்றார், நான் கேட்காமலே.
நானும் நாலு வருசம்
சரக்குக் கப்பலில் எண்ணெய் துடைத்தவன்.
அதை அவரும் கேட்கவில்லை.

விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தேன்.
செம்புத் தகட்டில் கீறி, மையில் ஒற்றி,
யாரோ அரைக்கூலிப் பெண்பிள்ளை
நீலமும் சிவப்பும் அவசரமாய்ப் பூசியிருக்கிறாள்,
அட்மிரலின் மூக்குக்கு மட்டும் இரண்டு தரம்.
கப்பல் சாய்கிறது. மேசை சாய்கிறது.
சூப் சட்டி வழுக்கிப் போய்
அவருடைய வெள்ளைக் காற்சட்டையில் குடியேறுகிறது.
பிரபு வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை,
சிபாரிசில் வந்த அதிகாரி, வாள் அவனைவிட நீளம்,
தொப்பியைக் கழற்றியிருக்கிறான்.
மரியாதைக்கல்ல,
அதற்குள்தான் வாந்தி எடுக்கிறான்.

கீழே, பலகை இடுக்கின் அடியில்,
ஒரு மாலுமி வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடக்கிறான்.
வழிகிற சூப்பின் கடைசிச் சொட்டு அவனுக்கு.
படம் முழுவதையும் அந்தச் சொட்டுக்காகத்தான்
கீறியிருக்கிறார்கள்.

"கீழே கொஞ்சம் அழுக்கு" என்றார் துரை.
"அட்டையால் மறைத்துவிடுங்கள்.
யாட் கிளப் சாப்பாட்டறைக்கு."

சரி துரை.
அளவுகோல் வைத்தேன், கத்தியை இறக்கினேன்.
கை, கால் அங்குலம் தவறிவிட்டது.
இருபத்தாறு வருசத்தில் என் கை தவறியதேயில்லை
என்று டோரீன் சொல்வாள்.
அவள் முதலாளி. அவளுக்கு அப்படித்தான் தெரியவேண்டும்.

மாட்டப் போனபோது பின்வாசலைக் காட்டினார்கள்,
முன் கம்பளம் புதிதாம்.
ஏணி, இரண்டு ஆணி, நீர்மட்டம்.
குமிழி சரியாக நடுவில் நின்றது.
துரை தள்ளி நின்று தலையைச் சரித்து
"சாய்ந்திருக்கிறதே" என்றார்.
சாய்ந்திருப்பது கப்பல் என்றேன்.
"இல்லை, இடப்பக்கம் கொஞ்சம் தூக்குங்கள்."
தூக்கினேன்.
"இன்னும்."
குமிழி ஓடிப்போய் ஒரு மூலையில் ஒடுங்கிக்கொண்டது.
"இப்போதுதான் நேர்."
கையில் கிண்ணங்களோடு ஏழு பேர்
ஆமாம், ஆமாம் என்றார்கள்.

சூப் கொண்டுவந்த பெடியன், ரோடெல், செபு ஊர்க்காரனாம்,
சட்டத்தைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான்.
அட்டையின் விளிம்பில் தப்பி நிற்கிற
அந்தத் திறந்த வாயைப் பார்த்தான்.
தட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு
சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் சிரித்தான்.
எனக்குக் கேட்டது.

பில் எழுதினேன்:
சட்டம், வால்நட் மரம். கண்ணாடி. அட்டை, வெட்டுக்கூலி.
கப்பலை நிமிர்த்திய வகையில் பதினைந்து டாலர்.
வரி தனி.

வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.